ஒரே நிறைகல்



வேங்கிக்காலில் நம் சபையைச் சேர்ந்த மகள் ஒருத்தி முதுநிலை உளவியல் பயில்கிறாள். ஆய்வு வடிவமைப்பும் புள்ளியியலும் தன்னைத் திணறடிப்பதாகக் கூறி ஜெபிக்கக் கேட்டாள். "மனதை அறிய வந்த எனக்குக் கணக்கு எதற்கு, ஐயா?" என்றாள். அவளோடு சேர்ந்து நானும் ஓர் ஆய்வை வாசித்தேன்.

அது 2002-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஆர். ரகுராமும் அவருடைய குழுவினரும், தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த மனநோயாளிகள் 31 பேரை, வந்தபோதும் புறப்பட்டபோதும் ஒரே அளவுகோலால் மதிப்பிட்டனர். நோய்க்குறிகளின் மதிப்பெண் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. அங்கே நிலவிய ஆதரவான சூழலே இதற்குக் காரணம் என்று அவர்கள் கருதினர்.

இதைக் கேட்டதும் நம்மில் பலர், "அங்கே போகாதவர்களும் அதே காலத்தில் தேறியிருக்கக் கூடுமே" என்போம். நியாயமான கேள்விதான். துன்பம் உச்சத்தில் இருக்கும்போதே மனிதர் உதவி தேடிப் புறப்படுகிறார்கள். உச்சத்திலிருந்து சற்றே இறங்குவது பல நோய்களின் இயல்பு. அதைப் பிரித்தறிய, அதே நிலையிலிருந்தும் அங்கே தங்காத வேறொரு குழு வேண்டும். இந்த ஆய்வில் அத்தகைய குழு இல்லை. தற்செயலாக மட்டும் இவ்வளவு மாற்றம் தோன்ற எத்தனை வாய்ப்புண்டு என்பதைப் புள்ளியியல் கணக்கிடும். மாற்றம் எதனால் வந்தது என்று சொல்ல, ஆய்வின் வடிவமைப்பே துணை நிற்க வேண்டும்.

பிரியமானவர்களே, அதே கேள்வியை நம் சாட்சி வேளையிலும் கேட்போமா? ஜெபித்துச் சுகம் பெற்றவர் எழுந்து நிற்கிறார். ஜெபித்தும் இன்னும் படுக்கையில் இருப்பவரின் வீட்டார் கடைசி வரிசையில் மௌனமாக அமர்ந்திருக்கிறார்கள். எழுந்தவர்களை மட்டும் எண்ணினால், அமர்ந்திருப்போருக்கு விசுவாசம் குறைவு என்ற பொய்த் தீர்ப்பு யாரும் சொல்லாமலே பிறந்துவிடும். பிள்ளைக்காக இரவெல்லாம் மன்றாடும் ஒரு தாயால் அதைத் தாங்க முடியுமா?

பாபிலோனில் தானியேல் பத்து நாள் சோதனை கேட்டான். மரக்கறியும் தண்ணீரும் உட்கொண்ட தங்கள் முகங்களை, ராஜபோஜனம் புசித்த வாலிபரின் முகங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னான். தேவனை நம்பியவன் ஒப்பீட்டுக்கு அஞ்சவில்லை.

ஒரே பையில் பெரிதும் சிறிதுமான இரு நிறைகற்களை வைத்திருப்பதை நியாயப்பிரமாணம் கண்டிக்கிறது. அயலாரின் அனுபவத்தை எடைபோட ஒரு கல், நம்முடையதை எடைபோட வேறொரு கல் என்பதும் அத்தகையதே. சுகம் கிடைத்ததற்காக நன்றி செலுத்துவோம். அதைக் கொண்டு பிறருடைய விசுவாசத்தை அளக்காதிருப்போம்.

வரும் ஞாயிறு சாட்சி வேளையில், இன்னும் காத்திருப்போருக்கும் பேச இடமுண்டு. பேச இயலாதோரின் வீடுகளுக்கு நாம் செல்வோம். கர்த்தர் அவர்களையும் எண்ணியிருக்கிறார். ஆமென்.