சந்தைக்குப் பின்னால் ஒரு லயம்

பள்ளி விடுமுறை விட்டால் கேமரன் மலையின் கியா பார்மில் கார் நகராது. சாலையின் இரு புறமும் கடைகள். அவித்த சோளம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ஸ்ட்ராபெரி, தேன் புட்டிகள், கட்டுக்கட்டாகக் கீரை. கேமரன் மலை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இந்தச் சந்தையும், தேயிலைச் சரிவின் முன் நின்று எடுத்த ஒரு படமும்தான். அந்தச் சரிவில் வேலை செய்தவர்களின் குடியிருப்புகள் அதிக தூரத்தில் இல்லை. அங்கே எட்டிப் பார்ப்பவர்கள்தான் குறைவு. நான் மலையேறுவதே அதற்காக.

சந்தையை விட்டுப் பிரியும் தோட்டப் பாதை குறுகலானது. எதிரே லோரி வந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும். சில வளைவுகளிலேயே சந்தை இரைச்சல் அடங்கிவிடும். 2,032 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலை மேலே மேகத்துக்குள் மறைந்திருக்கும்.

வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதிக்கு வந்தது 1885இல். தேயிலை வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் 'போ' தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் உருவானது. காட்டை அழித்துக் கன்று நட்டதிலும் கொழுந்து பறித்ததிலும் தமிழர் உழைப்பு பெரிது. பயண உதவி கொடுத்துத் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதை 1938இல் இந்திய அரசு தடை செய்தது. அதற்குள் வந்து சேர்ந்தவர்களின் வழிவந்தவர்கள்தான் இன்று இங்கே இருக்கும் தமிழர்களில் பலர்.

நான் போகும் லயத்தில், தொழிலாளர் குடியிருக்கும் அந்த வரிசை வீடுகளில், ஒரு பாட்டி இருக்கிறார். கைலிக்கு மேல் கம்பளிச் சட்டை, தலையில் துண்டு. "வாங்க தம்பி, பசியாறியாச்சா?" என்பதுதான் முதல் பேச்சு. பதில் சொல்வதற்குள் கட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணி வந்துவிடும்.

விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நின்ற கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். பனியில் பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாதாம். பெயர் கூப்பிடும்போது குரலை வைத்துத்தான் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வார்களாம். முதுகில் கூடை, காலில் அட்டை. ஒரு மொட்டும் இரண்டு இலையுமாகக் கையால் பறித்த காலம் அது. ஏறக்குறைய மூன்று வாரத்தில் அதே செடிக்குத் திரும்பி வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கொழுந்து முற்றிப்போகும். பறித்த இலை அன்றன்றே ஆலைக்குப் போகும். வாட்டி, உருட்டி, செம்பு நிறம் வரும்வரை காற்றாட விட்டு, பிறகு சூடேற்றிக் காயவைப்பார்கள். காற்று இந்தப் பக்கம் திரும்பினால், இலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்தபடியே வாசனையை வைத்துச் சொல்லிவிடுவாராம்.

பிறகு கத்தரி வந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து பழைய கத்தரி ஒன்றை எடுத்துக் காட்டினார். ஓர் அலகோடு சேர்த்துத் தட்டு பொருத்தியிருந்தது. வெட்டிய கொழுந்து அதில் விழும். மரப்பிடியில் சைக்கிள் டியூபை அறுத்துச் சுற்றியிருந்தார். வலது கட்டைவிரல் படும் இடத்தில் ரப்பரும் தேய்ந்து, மரமும் குழிந்திருந்தது. நான் தூக்கிப் பார்த்தேன். வெறுங்கத்தரியே கனத்தது. தட்டு நிறையக் கொழுந்தோடு நாள் முழுக்க இதை ஆட்டியவருக்கு இன்று ஈரத்துணியைப் பிழிய மணிக்கட்டு ஒத்துழைப்பதில்லை.

லயத்தில் பல கதவுகள் பூட்டிக் கிடக்கின்றன. சில வீடுகளில் வங்காளதேசத்துப் பிள்ளைகளும் நேபாளத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வேலை முடிந்து வந்ததும் கைப்பேசியில் ஊர்முகம் பார்த்துப் பேசுகிறார்கள். பாட்டியை அவர்கள் 'அம்மா' என்கிறார்கள். தீபாவளிக்கு முறுக்கு அவர்கள் அறைக்கும் போகிறது. தமிழ்ப் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். ஆசிரியராக, தாதியாக, லோரி ஓட்டுநராக இருக்கிறார்கள். அவர்கள் போனது நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வழிதவறி இங்கே வரும் பயணிகள் "எவ்வளவு அமைதி!" என்று வியக்கும்போது என்னால் தலையாட்ட முடிவதில்லை. பிள்ளைகள் போய்விட்டதால் வந்த அமைதி இது.

இதைவிட என்னை வருத்துவது வீடு. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. இந்த நாட்டில் தோட்டத் தமிழர்களின் பழைய துயரம் இது. ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் போட்ட காசைத் திரட்டிச் சங்கம் தோட்டங்களை வாங்கியது. நம்மவர் செய்த பெரிய காரியங்களில் ஒன்று அது. அப்படியிருந்தும் மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்தில் ஒரு சுவர்கூடச் சொந்தமில்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பாட்டியின் மருமகள் தோட்ட வேலையில் இருப்பதால் இந்த வீடு தங்கியிருக்கிறது. மகன் மலைக்குக் கீழே தாப்பாவில் ஒரு வீடு வாங்கிவிட்டார். பாட்டி அங்கே போவார். புழுக்கம் தாங்கவில்லை என்று மேலேறி வந்துவிடுவார். மருமகள் ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"வீடு போனாப் போவட்டும் தம்பி. கோயில் இருக்குல்ல, வருசம் ஒருக்கா எல்லாப் புள்ளைங்களும் வந்து நிக்குதுங்க. எங்கப்பா கல்லு சொமந்து கட்டுனது."

அந்தக் கோயில் நிலத்துக்காவது முறையான தாள் ஒன்று வாங்கிவிடச் சொல்லி, கோயில் கமிட்டிக்காரர்களை அவர் விடாமல் நச்சரித்துக்கொண்டிருக்கிறார்.