அவ்வையைப் பாத்து யாரு சிரிப்பா?

வடசேரி வீட்டில் ‘அவ்வை சண்முகி’யை டிவியில் பார்த்து எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்த இரவு, ஆச்சி மட்டும் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். “அவ்வைன்னு பேரு வச்சுட்டு என்ன சிரிப்பு?” என்று அவள் முனகியது இத்தனை வருஷமாகியும் என்னை விடவில்லை.

அந்தப் படத்தில் கமல்ஹாசன் போட்ட மாமி வேஷம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். 1993இல் வந்த ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ படம் எல்லோருக்கும் தெரியும். அதற்கும் வெகு முன்பே 1892இல் வந்தது பிராண்டன் தாமஸின் ‘சார்லியின் அத்தை’ நாடகம். காதலிகளை விருந்துக்கு அழைக்க மாணவர்களுக்கு ஒரு மூத்த பெண் துணை வேண்டும். பிரேசிலிலிருந்து வரவேண்டிய பணக்கார அத்தையைக் காணோம். நண்பன் பாவாடை கட்டி அத்தையாகிறான். சொத்துக்கு ஆசைப்பட்டு இரண்டு பெரிய மனிதர்கள் அவனிடமே கல்யாணப் பேச்சு எடுக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து அசல் அத்தை வந்து நிற்கிறாள்! லண்டனில் 1,466 முறை நடந்த நாடகம். மராத்தியில் ஆசார்ய அத்ரே அதை ‘மோருச்சி மாவ்ஷி’ ஆக்கினார். தமிழுக்கும் அத்தை கப்பலேறித்தான் வந்தாள் என்று எழுதி நோட்டை மூடப்போனேன்.

பெயர் மூட விடவில்லை. சண்முகி என்ற பெயருக்குள் இருப்பவர் அவ்வை டி.கே. சண்முகம். சிறுவன் கமல்ஹாசன் பயின்றது அவரும் சகோதரர்களும் நடத்திய நாடகக் குழுவில்தான். நம் ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணன் வளர்ந்ததும் அதே சகோதரர்களிடம்தான். சண்முகத்தின் அப்பா கண்ணுசாமிப் பிள்ளை பெண்வேஷம் கட்டுவதில் பேர்பெற்ற ஸ்திரீபார்ட் நடிகர். மகனோ மேடையில் அவ்வைக் கிழவியாக நடிக்க, அவளுடைய பொக்கை வாய்க்காகத் தன் பற்களையே எடுத்துவிட்டார்.

சண்முகத்தின் அந்த அவ்வை நாடகத்தைப் பார்த்தாயா என்று ஆச்சியிடம் கேட்டேன். பதிலே இல்லை. மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் அவ்வையார் நோன்பைப் பற்றியே பேசினாள். செவ்வாய்க்கிழமை ராத்திரி, ஆண்பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு அவிக்கிற உப்பில்லாக் கொழுக்கட்டை. தாழக்குடிப் பக்கம் அவ்வையாரம்மன் கோவில், ஆடி மாதக் கூட்டம். பேச்சை மாற்றுகிறாள் என்று சலித்துக்கொண்டேன்.

நாலாம் தடவை அவளே சொன்னாள்: “நோன்புக் கொழுக்கட்டைய ஆம்பிளை கண்ணால பாக்கப்பிடாது மக்கா. ஆனா ஒரு ஆம்பிளை அவ்வையா வந்து நின்னப்போ, நாங்க பொம்பளையளெல்லாம் கும்பிட்டோம்.”

“யாரும் சிரிக்கலியா ஆச்சி?”

“அவ்வையைப் பாத்து யாரு சிரிப்பா?”

அவள் பேச்சை மாற்றவே இல்லை. முதல் நாளிலிருந்தே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். லண்டன் அத்தையின் பாவாடைக்குள் ஆண் இருப்பது தெரிந்தால்தான் சிரிப்பு. இங்கே அது தெரியாமல் இருக்கத்தான் ஒருவர் பல்லைக் கொடுத்தார். படத்தின் கதை கடல் தாண்டி வந்திருக்கலாம்; பெயர் வந்தது கும்பிட்ட கைகளிலிருந்து.

அந்த வருஷ ஆடிச் செவ்வாயில் என்னையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். தெருவில் நின்றேன். உள்ளே அரிசிமாவு வேகும் வாசம். கூடவே ஆச்சியின் சிரிப்பு. அப்படி அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை.