ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ எத்தனை மணி நேரம்?
இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால் கணினி நொடியில் ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறது. உருண்டைப் பூமியின் மேல் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம் அது. அதை மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்துக்கொண்டால் பயண நேரம் வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறோம். நெடும்பயணங்களில் இந்தக் கணக்கை நம்பக்கூடாது என்பேன். காற்றும், எந்த நாட்டு வானம் திறந்திருக்கிறது என்பதும் சேர்ந்துதான் நேரத்தை முடிவு செய்கின்றன.

பின்லாந்தின் ஹெல்சிங்கியையும் ஜப்பானின் டோக்கியோவையும் எடுத்துக்கொள்வோம். தூரம் ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். மேற்சொன்ன கணக்குப்படி ஒன்பது மணி நேரத்தைச் சற்றே தாண்டும். பனிப்போர்க் காலத்தில் சைபீரிய வானம் மேற்கத்திய விமானங்களுக்குப் பெரும்பாலும் மூடியே கிடந்தது. அதனால் 1983-இல் பின்ஏர் நிறுவனம் இடைநில்லா விமானத்தைத் தொடங்கியபோது அது வட துருவத்தின் மேலாகச் சுற்றிப் போனது. சுமார் 13 மணி நேரம் பிடித்தது. பிறகு சைபீரியா வழி திறந்தது. நேரம் ஒன்பது, ஒன்பதரை மணிக்கு இறங்கியது. ஆசியாவுக்குக் குறுக்கு வழி நாங்களே என்று சொல்லி அந்த நிறுவனம் தன் வணிகத்தையே அதன்மேல் கட்டியெழுப்பியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டதும் ஐரோப்பாவும் ரஷ்யாவும் ஒன்றின் விமானங்களுக்கு மற்றொன்று வானத்தை அடைத்தன. மீண்டும் துருவம் வழியே, இல்லையென்றால் துருக்கி, கஜகஸ்தான், சீனா வழியே சுற்று. பழைய விமானத்தைவிட மிக நவீனமான ஏர்பஸ் ஏ350 பறந்தும், நேரம் 1983-இல் இருந்த அதே 13 மணிக்குத் திரும்பிவிட்டது. நாற்பது ஆண்டுப் பொறியியல் முன்னேற்றத்தை ஒரு வான்தடை விழுங்கிவிட்டதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

போர் விதிவிலக்கு, அதை வைத்து வாதிடலாமா என்று கேட்கலாம். போர் இல்லாத வானத்தையும் பார்ப்போம். நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே 5,500 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 2020 பிப்ரவரியில், புயலால் வலுத்த மேல்வானக் காற்று பின்னாலிருந்து தள்ள, ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஐந்து மணி நேரத்துக்குள் லண்டன் போய்ச் சேர்ந்தது. எதிர்த்திசையில் அதே தூரத்துக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆவது வழக்கம். போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்பது அன்றாட நடப்பு.

தூரம்தானே நிலையானது, சட்டமே அதைத்தானே நம்புகிறது என்பது இன்னும் வலுவான மறுப்பு. உண்மைதான். விமானம் தாமதமானால் தரவேண்டிய இழப்பீட்டை ஐரோப்பிய ஒன்றியம் தூரத்தை வைத்தே வகுத்திருக்கிறது. யாராலும் திரிக்க முடியாத அளவுகோல் அங்கே தேவை. ஆனால் எரிபொருள், பணியாளரின் ஓய்வு, பயணச்சீட்டின் விலை, வயதானவர் கால் மடக்கி உட்கார வேண்டிய நேரம் எல்லாம் விமானம் உண்மையில் பறக்கும் வழியைப் பொறுத்தவை. சீன நிறுவனங்களுக்கு ரஷ்ய வானம் இன்னமும் திறந்திருப்பதால், ஐரோப்பாவிலிருந்து சீனாவுக்கு அவற்றின் விமானங்கள் ஐரோப்பிய விமானங்களைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்கின்றன. புறப்படும் ஊரும் சேரும் ஊரும் ஒன்றே. விமானத்தின் கொடி மட்டும்தான் வேறு.

ஆகவே நெடும்பயணம் திட்டமிடுவோர் தூரத்தை வகுத்துப் பார்ப்பதை விட்டு, அந்தப் பருவத்துக் கால அட்டவணையைப் பாருங்கள். போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் தனித்தனியே பாருங்கள். எந்த நாட்டு நிறுவனம் என்பதையும் கேட்டுவிட்டுச் சீட்டு எடுங்கள்.