ஏறிய இடத்திலேயே இறங்கும் கப்பல்

சென்னைத் துறைமுகத்தில் ஏறி, இரண்டு இரவு வங்கக்கடலில் இருந்துவிட்டு, எந்த ஊரிலும் இறங்காமல் திரும்பவும் சென்னையிலேயே இறங்குவது. சொகுசுக் கப்பல் பயணங்களில் மிகச் சிறியவற்றில் ஒன்று இது. இதற்குப் போகலாமா என்று நாங்கள் நான்கு பெண்கள் பேசத் தொடங்கியபோது, நான்கு வீடுகளிலும் ஒரே கேள்விதான் வந்தது. “ஏறுற எடத்துலயே எறங்கறதுக்கு எதுக்கு அவ்ளோ காசு?” அதோடு ஒரு யோசனையும் வந்தது. “அந்தக் காசுக்குக் காசிக்கே போய்ட்டு வந்துடலாமே!”

கேள்விக்குத் திருவண்ணாமலைக்காரர்களால் சுலபமாகப் பதில் சொல்ல முடியும். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானவர்கள் இங்கே வந்து, மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறார்கள். அவர்களை யாரும் எங்கே போய்ச் சேர்ந்தீர்கள் என்று கேட்பதில்லை. என்னை யோசிக்க வைத்தது காசி யோசனைதான். காசிக்கு என்றால் பணம் புரளும், லீவு கிடைக்கும், மாமியாருக்கு மருந்து கொடுக்கவும் ஆள் கிடைக்கும். ஒரு பெண் வீட்டைவிட்டு இரண்டு நாள் வெளியே இருக்க வேண்டுமென்றால் கோயிலோ, கல்யாணமோ, பிரசவமோ, சாவோ குறுக்கே வர வேண்டும். கடலைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

அந்த நால்வரில் நான் பள்ளி ஆசிரியை. என் அண்ணி, கணவரை இழந்த என் சித்தி, தேரடித் தெருவில் பூ விற்கும் அக்கா ஒருவர் ஆகியோர் மற்ற மூவர். ஒரே சீட்டில் பணம் கட்டியவர்கள் நாங்கள். சீட்டு முடிந்து பணம் கைக்கு வந்ததும் கப்பல் பேச்சை எடுத்தவர் பூக்கார அக்காதான். பௌர்ணமி என்றால் ஊரே மலை சுற்றும், அவருக்கோ அன்றுதான் வியாபாரம். உள்ளூரிலேயே இருந்தும் பௌர்ணமி இரவில் கிரிவலம் போய் வருடக்கணக்காகிறது என்பார்.

நம் பெண்களுக்குக் கடல் புதிதில்லை. ஆனால் கடலில் போவதற்கு அவர்களுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் வேறு. கடல் வழியே பிரிந்து போகும்போது பெண்ணோடு போகும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியத்தின் அகத்திணையியல் சொல்கிறது. அந்தச் சூத்திரத்துக்கு வேறு விதமாகப் பொருள் சொன்ன உரைகாரரும் உண்டு. எப்படிப் பொருள் கொண்டாலும், பொருள் தேடிக் கிளம்புகிறவன் ஆண், காத்திருக்கிறவள் பெண் என்பதுதான் அகப்பாடல்களின் ஏற்பாடு. வயிற்றுப்பாடு வந்தபோது அந்த ஏற்பாடு நிற்கவில்லை. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் 16 அன்று டர்பனில் கரைசேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பலில், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களோடு பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். பிறகு ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் எத்தனையோ பெண்கள் போனார்கள். பலர் தாலி கட்டிக்கொண்டு போனவர்கள், அல்லது கட்டியவனைத் தேடிப் போனவர்கள். இலங்கையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் வந்திறங்கிய பெண்களை நம் தலைமுறையே பார்த்திருக்கிறது. வேலைக்கும் இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை, தப்பிப் பிழைக்கவும் இல்லை, சும்மா போய் வரலாம் என்பது மட்டும்தான் புதிது.

சும்மா போவதற்கும் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். பார்த்தோம்.

கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரெஸ்’ கப்பலைச் சென்னையில் 2022 ஜூன் 4 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். 11 தளங்கள், சுமார் 1,800 பயணிகளுக்கு இடம். 1990இல் ‘நார்டிக் எம்ப்ரெஸ்’ என்ற பெயரில் வேறொரு நிறுவனத்துக்காக ஓடத் தொடங்கிய பழைய கப்பல். தென்மேற்குப் பருவக்காற்றில் மும்பைப் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அது இந்தப் பக்கம் வருகிறது. இலங்கைத் துறைமுகங்களுக்குப் போய்வரும் நீண்ட பயணத்துக்குப் பாஸ்போர்ட் வேண்டும். எங்களில் இருவரிடம் அது இல்லை. எந்த நாட்டிலும் இறங்காத இரண்டு இரவுப் பயணத்துக்கு அரசு அடையாள அட்டை போதும்.

துறைமுகம் வரை போவது பெரிய செலவில்லை. 2024 மே முதல் திருவண்ணாமலைக்கும் சென்னைக் கடற்கரைக்கும் பாசஞ்சர் ரயில் ஓடுகிறது. கட்டணம் 50 ரூபாய். விடியற்காலையில் ஏறினால், இறங்கும் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே துறைமுகம். அதற்குப் பிறகுதான் செலவு. பருவத்துக்கும் அறைக்கும் ஏற்ப விலை மாறும். ஜன்னல் இல்லாத உள்ளறைக்கே வரி, துறைமுகக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு இருபதாயிரம் ஆகிவிடும் என்று வைத்துக்கொண்டோம். பூக்கார அக்காவுக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை வருகிறது. அவர் கணக்கில் இது 20 மாதம். கூடவே மூன்று நாள் கடை மூடிய நட்டம். ஆடியில் முகூர்த்தம் இல்லையே என்றால், ஆடி வெள்ளிக்குத்தான் அம்மன் கோயில்களுக்குப் பூ போகும்.

விலைப்பட்டியலைப் படிக்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. கப்பல் அறைகளுக்கு ஒரு அறையில் இருவர் என்று வைத்துத்தான் விலை போடுகிறார்கள். தனியாக வரும் பெண் கிட்டத்தட்ட இருவர் கட்டணத்தைக் கட்ட வேண்டியிருக்கும். ஜோடியாக வராதவளுக்கு அபராதம் என்று சித்தி சொன்னார். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாக வந்தால் கட்டணம் குறையும். தனியாகப் போனால் நட்டம், நால்வராகப் போனால் லாபம். இதை எங்கள் சீட்டு ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தது.

சாப்பாடு கட்டணத்தில் அடக்கம். மது, மசாஜ், இணையம் எல்லாம் தனிக்காசு. கடலோரத்திலிருந்து 12 கடல் மைலுக்குள், அதாவது ஏறக்குறைய 22 கிலோமீட்டருக்குள், நாட்டின் எல்லை. அதைத் தாண்டியதும் சூதாட்ட மேஜைகள் திறக்கும். இதைச் சுட்டி எதிர்ப்பு எழுந்ததால்தான் 2022 ஜூனில் புதுச்சேரி இந்தக் கப்பலை அனுமதிக்கவில்லை. அந்தப் பக்கமே போவதில்லை என்றால் செலவு கட்டுக்குள் நிற்கும். வாந்தி பயம் சித்திக்கு உண்டு. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. பெரும்பாலும் விலை குறைந்த அறைகளும் அங்கேதான். மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது நேரம். முதல் நாள் மதியத்துக்கு மேல் ஏறி, மூன்றாம் நாள் காலையில் இறங்கினால் மொத்தம் 40 மணி நேரம். தூங்கும் நேரம் போகக் கையில் 25 மணி நேரம் நிற்கும். இதற்கா இவ்வளவு என்று கேட்பவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 2019இல் எடுக்கப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். ஒரு பெண்ணுக்கு ஆண்டுக்கு 1,800 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதில் கப்பல் கழித்துக் கொடுப்பது ஏறக்குறைய பத்து மணி நேரம். இந்த அளவில் பார்த்தால் கப்பல் ஏமாற்று வேலைதான். கடல் பார்க்க மெரினாவுக்குப் போகலாம், காசு வேண்டாம். ஓய்வு எடுக்கத் தரங்கம்பாடியில் அறை எடுத்தால் செலவில் பாதிகூட ஆகாது.

ஒத்திகை பார்ப்போம் என்று அண்ணி சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எந்தக் காரணமும் சொல்லாமல், நால்வரும் சாத்தனூர் அணைக்குப் போனோம். காலையில் கிளம்பி மாலையில் திரும்புவது, அதுவரை போனை அணைத்துவைப்பது என்று பேச்சு. பதினொரு மணிக்கே அண்ணி போனைத் திறந்துவிட்டார். மதியம் அக்கா திறந்தார். இட்லி மாவு எந்தப் பாத்திரத்தில், பீரோ சாவி எங்கே, சிலிண்டர்காரன் வந்திருக்கிறான், பாட்டி உங்களைக் கேட்கிறார். அவசரம் என்று ஒன்றுகூட இல்லை. ஆனால் போனை ஏன் அணைத்தாய் என்ற கேள்வி மட்டும் எல்லாருக்கும் வந்திருந்தது. மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டே அக்கா சொன்னார், “இதுக்குத்தான் டீச்சர் கடலுக்கே போவணும்னு சொல்றேன். அங்க டவரே கெடையாது.”

அந்த ஒரு வார்த்தையில் எங்களுக்கு விஷயம் விளங்கியது. கரை மறைந்ததும் கப்பலில் போன் சிக்னல் போய்விடும். மற்ற பயணிகளுக்கு இது குறை. எங்களுக்கு இதுதான் சரக்கு. தரங்கம்பாடியில் அறை எடுத்தால் போனை நாம் அணைக்க வேண்டும், அணைத்ததற்குப் பதிலும் சொல்ல வேண்டும். கடலில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆக, இருபதாயிரத்தில் பெரும்பகுதி கடலுக்கோ சாப்பாட்டுக்கோ போவதில்லை. அது ஒரு காரணத்தின் விலை. கோயில் அந்தக் காரணத்தை நமக்கு இனாமாகக் கொடுத்தது. கப்பல் அதை விற்கிறது.

இதை வாங்கும்போது இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நாம் கழுவாத தட்டை அங்கே யாரோ கழுவுகிறார்கள். மாதக்கணக்கில் ஒப்பந்தத்தில் கடலிலேயே இருந்து, தன் பிள்ளையை வேறு யாரிடமோ விட்டுவிட்டு வேலை செய்கிறவர்கள் அவர்கள். 2021இல் வந்த ஒரு சர்வதேச அறிக்கைப்படி உலகக் கடலோடிகளில் பெண்கள் 1.28 சதவீதம்தான், அவர்களில் பெரும்பாலோர் பயணிகள் கப்பல்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கான சேவைக் கட்டணத்தைச் செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதினோம். அதில் பேரம் பேசுவதில்லை என்று முடிவு.

போவது என்றும் முடிவு செய்திருக்கிறோம். சில நிபந்தனைகளோடு. நகை அடகு வைத்தோ கடன் வாங்கியோ போவதில்லை. நால்வருக்கும் ஒரே அறை. அக்காவின் கடை நட்டத்தை நால்வரும் பங்கு போட்டுக்கொள்வோம். மாவு, சாவி, சிலிண்டர், மருந்து பற்றி ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுவதா என்று அண்ணி கேட்டார். வேண்டாம், அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்றார் சித்தி. அதுவும் நிறைவேறியது.

என் மாணவிகள் கேட்டால் இப்படித்தான் சொல்வேன். உங்கள் சம்பாத்தியம், கூட வரப் பெண்கள், திரும்பி வந்தபின் யாருக்கும் கடன் இல்லை என்ற மூன்றும் இருந்தால் ஒருமுறை போய் வாருங்கள். அதிலும் ஒருமுறைதான். ஒவ்வொரு முறையும் காரணத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்க முடியாது. வாங்க முடிந்தவர்கள் போவார்கள், முடியாதவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள் என்றால் அதில் யாருக்கும் விடுதலை இல்லை. திரும்பி வந்தபின் சாத்தனூருக்கு இன்னொரு ஞாயிறு போவதாகப் பேசியிருக்கிறோம். பஸ் டிக்கெட்டும் மீன் வறுவலும்தான் செலவு. டவர் இருக்கும் இடத்திலேயே, மாலை வரை, நால்வரில் ஒருவரும் போனைத் திறக்கக் கூடாது.