கழுவுதலும் குளித்தலும்

புகைப்படத் தொழிலுக்குத் தமிழ் மக்கள் வழங்கிய பெயர்களுள் ‘படம் கழுவுதல்’ என்பது தனித்து நோக்கத்தக்கது. ஸ்டூடியோவில் ஃபிலிம் சுருளைக் கொடுத்தவர்கள் கழுவக் கொடுத்திருப்பதாகவே சொன்னார்கள். உருவத்தைத் தோன்றச் செய்யும் டெவலப்பரும் அதை நிலைநிறுத்தும் ஹைப்போவும் பெயரில் இடம்பெறாமல் போக, இறுதியில் வரும் தண்ணீர் வேலையே முழுத் தொழிலையும் குறிக்கலாயிற்று. தூத்துக்குடிக் கரையிலும் கடலடியிலிருந்து சிப்பி எடுக்கும் தொழில் முத்துக் குளித்தல் என்றே பெயர் பெற்றது. நீரில் மூழ்குதல் என்னும் பழம்பொருள் குளித்தல் என்ற சொல்லுக்கு அத்தொடரில் இன்றும் நிலைத்திருக்கிறது. வெள்ளியைக் காக்கும் தொழிலும் முத்தைத் தேடும் தொழிலும் நீரினால் பெயர் பெற்ற இந்த ஒற்றுமை, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தூண்டுகிறது.

கறுப்பு வெள்ளைப் படத்தில் கருமையாகத் தெரிவது ஜெலட்டின் படலத்துக்குள் புதைந்து கிடக்கும் நுண்ணிய வெள்ளித் துகள்களின் திரள். ஒளி படாமல் எஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்து நீக்காவிட்டால் படம் முழுவதும் காலப்போக்கில் இருண்டுவிடும். அதைக் கரைக்கவல்லது சோடியம் தயோசல்பேட் என்பதை ஜான் ஹெர்ஷல் 1819ஆம் ஆண்டிலேயே, புகைப்படக் கலை உலகறிய வருவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, கண்டறிந்திருந்தார். ஹைப்போசல்பைட் என்று அக்காலத்தில் அதற்கிட்ட பெயரின் குறுக்கமே ஹைப்போ. ஆனால் வேலை முடிந்தபின் தாளிலேயே தங்கிவிடும் ஹைப்போ மெல்லச் சிதைந்து, தன்னுள் இருக்கும் கந்தகத்தால் வெள்ளியைத் தாக்க, முகங்கள் மஞ்சளித்து வெளிறத் தொடங்குகின்றன. படத்தைக் காத்த பொருளே படத்தின் பகையாக மாறும் இந்நிலையைத் தவிர்ப்பதற்காகவே கழுவுதல் இத்தனை முதன்மை பெற்றது.

ஃபைபர் பேப்பர் எனப்படும் பழைய வகைத் தாளின் இழைகளுக்குள் ஊறிய ஹைப்போ வெளியேற, மாறிக்கொண்டே இருக்கும் தண்ணீரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் படம் கிடக்க வேண்டும். நல்ல தண்ணீருக்காக நெடுங்காலம் ஏங்கிய தூத்துக்குடி போன்ற ஊரில் இது சிறிய செலவாகாது. நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து 1920களில் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்ததை ஊர் இன்றும் நன்றியோடு நினைப்பதிலிருந்தே அந்த ஏக்கத்தின் ஆழத்தை உணரலாம். குடிநீருக்குத் தவித்த கரையின் வாசலிலேயே அலையடித்துக் கிடந்த உப்புநீர், படத்திலிருந்து ஹைப்போவை நீக்குவதற்கு நன்னீரைவிடத் தகுந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும். நன்னீர் அருகிய போர்க்கப்பல்களின் இருட்டறைகளில் இரண்டாம் உலகப் போரின்போது கடல்நீரில் படங்கள் கழுவப்பட்டன. ஹைப்போ அதில் விரைவாகவே நீங்கியது. கடல்நீரில் கரைந்துள்ள உப்புகளின் அயனிகள், அதாவது மின்னேற்றம் பெற்ற துகள்கள், ஜெலட்டினிலும் இழைகளிலும் பற்றியிருக்கும் தயோசல்பேட்டை இடம்பெயர்த்து வெளியே தள்ளுவதே இதற்குக் காரணம். பிற்காலத்தில் கோடாக் நிறுவனம் விற்ற ஹைப்போ கிளியரிங் ஏஜென்ட் என்னும் தூளும் இந்த அனுபவத்திலிருந்து கிளைத்ததுதான். எனினும் உப்பு உள்ளே தங்கினால் அதுவும் தீங்கு செய்யும் என்பதால், கடல்நீரில் கழுவிய படத்தை முடிவில் சில நிமிடமாவது நன்னீரில் அலசியாக வேண்டும்.

இக்கடற்கரைக்குக் கடல்நீரில் கழுவும் வேலை புதிதன்று. மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு குளிப்பைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1890இல் நூல் எழுதிய காலத்தில், முத்தெடுத்தலின் பெரும்பகுதி கரையில் நடந்த கழுவுதலாகவே இருந்தது. பார் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளிலிருந்து, கல்லைக் கட்டிய கயிற்றின் துணையோடு மூழ்கிப் பறித்து வந்த சிப்பிகளை, கொட்டு என்னும் வேலியடைப்புகளில் குவித்து, சதை அழுகும்வரை பல நாள் விட்டுவைப்பார்கள். ஈக்களின் புழுக்கள் சதையைத் தின்று தீர்த்தபின், கடல்நீர் நிரப்பிய வள்ளத்தில் சிப்பிகளைக் கொட்டி, ஓட்டோடு ஓடு உரசித் தேய்த்து வெளியே எடுத்துவிட்டு, கலங்கிய நீரை அடிமண்டி அசையாதவாறு சாய்த்து வடித்து, மீண்டும் நீர் வார்த்து, மீண்டும் வடிப்பார்கள். நாற்றமும் கசடும் நீங்கி மணல் மட்டும் எஞ்சும்வரை இது தொடரும். அம்மணலைத் துணியில் பரப்பி உலர்த்திப் புடைத்துச் சலித்து, தூளளவு முத்தையும் தவறவிடாமல் பொறுக்குவார்கள். ஒரு முறை அவசரமாக வடித்தால் முத்து மண்ணோடு போய்விடும் என்பதால், மூழ்கியவரின் மூச்சடக்கத்துக்கு நிகரான பொறுமை கழுவியவரின் கையிலும் இருந்தது. கடலுக்குள் இறங்கும் துணிவைப் போற்றிய அளவுக்கு, கரையில் குனிந்து நீர் வடித்த அந்தக் கைகளை யாரும் போற்றியதில்லை. இருட்டறைத் தட்டில் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த ஸ்டூடியோ உதவியாளரின் நிலையும் அதுவே.

அழுகும் சதையிலிருந்து எழும் வாயுக்களுள் ஹைட்ரஜன் சல்பைடும் ஒன்று. வீட்டு வெள்ளிப் பாத்திரங்களைக் கறுக்கச் செய்வதும், எவ்வளவு நன்றாகக் கழுவிய படத்தையும் காற்றின் வழியே வந்து தாக்குவதும் அதுவே. இலண்டன் புகைப்படச் சங்கம் படங்கள் மங்குவதன் காரணத்தை ஆராய அமைத்த குழு, அரைகுறைக் கழுவலையும் காற்றிலுள்ள கந்தகத்தையும் 1855இலேயே சுட்டிக்காட்டி, பொன் கரைசலில் தோய்க்குமாறு பரிந்துரைத்தது. இதுவே டோனிங், அதாவது படத்தின் வெள்ளியை வேறொரு பொருளால் போர்த்துதல் அல்லது வேறொரு சேர்மமாக மாற்றுதல். பொன்னில் தோய்த்தால் வெள்ளித் துகளின்மேல் பொன் படிகிறது. செலினியத்தில் தோய்த்தால் வெள்ளி செலினைடாகிறது. பழுப்பு நிறச் செபியா முறையிலோ, வெள்ளியை வெளுக்கச் செய்து சல்பைடுக் கரைசலில் இட்டு, எந்தக் கந்தகம் என்றாவது வந்து அழிக்குமோ அந்தக் கந்தகத்தோடே முன்கூட்டி ஒருசீராக இணைத்துவிடுகிறார்கள். முழுமையாக வெள்ளி சல்பைடாகிவிட்ட படத்திடமிருந்து கந்தகம் பறித்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சுவதில்லை. சிப்பியின் வழியும் இதற்கு நெருங்கியதே: தன்னுள் புகுந்த அந்நியப் பொருளைக் கழுவித் தள்ள இயலாத அவ்வுயிர், அதன்மேல் படலம் படலமாக ஒளியைப் போர்த்தி அதனோடு வாழக் கற்றுக்கொள்கிறது.

தூத்துக்குடியில் முத்துக் குளிப்பு 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்தது. அதற்குப் பின் நடக்கவில்லை. அவ்வாண்டுகள் கறுப்பு வெள்ளைப் படத்தின் ஆண்டுகளாகவும் இருந்தன. ஆகவே கரையோர வீடுகளின் சுவர்களிலும் தகரப் பெட்டிகளிலும் அக்காலத்து முகங்கள் எஞ்சியிருக்குமானால், அவற்றுட் பெரும்பாலானவை வெள்ளியில் எழுதப்பட்டவையே. படத்தின் வெள்ளை ஓரத்தில் வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு துளி இட்டால், ஹைப்போ எஞ்சியிருப்பின் அவ்விடம் பழுப்பேறிக் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலான ஊர் ஸ்டூடியோக்களில் இந்தச் சோதனைக்கு நேரம் இருந்திருக்காது. கல்யாண வேலை குவிந்து கிடந்த ஒரு மாலையில், குழாயில் தண்ணீர் வந்தவரை பொறுமையாகக் கழுவிய யாரோ ஒருவருடைய நேர்மையைப் பொறுத்தே, கடைசியாகக் குளித்தவர்களின் முகங்கள் இன்று தெளிந்தோ மஞ்சளித்தோ தெரிகின்றன. படம் எடுத்தவரின் பெயர் அட்டையின் பின்புறத்தில் முத்திரையாக இருக்கும். கழுவியவரின் பெயர் எங்கும் இராது. அவருடைய வேலையைத்தான் தமிழ் அந்தத் தொழில் முழுமைக்கும் பெயராகச் சூட்டி வைத்திருக்கிறது.