வீட்டுப் பாஷையும் வீதிப் பத்திரிகையும்

ஒரு பாஷையைத் தாலாட்டே காப்பாற்றிவிடும் என்று சொல்வாருண்டு. தாலாட்டு மட்டும் போதாது, பருத்தி விலையும் வேண்டும் என்பது என் கட்சி.

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்கள் பலவற்றில் வீட்டுக்குள் வழங்குவது தெலுங்கு. பல தலைமுறைகளுக்கு முன் வடக்கேயிருந்து வந்து குடியேறியவர்களின் சந்ததி நாங்கள். எங்கள் அவ்வாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. தாத்தா அறிந்தது தமிழ் எழுத்து ஒன்றுதான். தினந்தோறும் திண்ணையில் அமர்ந்து தமிழ்ப் பத்திரிகையைப் படித்து, விஷயத்தை அவ்வாவுக்குத் தெலுங்கில் எடுத்துரைப்பார். அந்தத் தெலுங்கில் ஒரு விந்தை. மாட்டுக்கு வரும் நோய்க்கெல்லாம் அதில் பெயர் உண்டு. தேர்தல், வரி, சட்டம் என்று வந்துவிட்டால் தமிழ்தான் கைகொடுக்க வேண்டும்.

இதே நிலையில் இருந்த வேறொரு கூட்டத்தாரின் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவில் குடியேறிய மெக்ஸிகோ மக்களுக்காக, இக்னாஸியோ லொஸானோ என்பவர் 1926-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 'லா ஒப்பினியோன்' என்ற ஸ்பானிஷ் தினசரியைத் தொடங்கினார். ஆரம்பத்தில் தாய்நாட்டுச் செய்திகளே அதில் அதிகம். வாசகர்கள் அம்மண்ணில் வேரூன்றவே பத்திரிகையும் வேரூன்றியது. அந்நகரத்துப் பள்ளிக்கூடமும் கூலியும் சட்டமும் ஸ்பானிஷில் பேசப்படலாயின. 1955-ல் ஸான் அந்தோணியோ நகரில் ஸ்பானிஷுக்கென்றே தொலைக்காட்சி நிலையம் ஒன்றும் எழுந்தது. 2006-ல், உரிய அனுமதியின்றிக் குடியேறியோரைக் குற்றவாளிகளாக்கும் மசோதா ஒன்று வந்தபோது, எங்கே எப்பொழுது கூடுவதென்று ஸ்பானிஷ் வானொலியும் தொலைக்காட்சியும் அறிவித்தன. மார்ச் 25 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் வீதிகளில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். அடுக்களைப் பாஷை அன்று அரசியல் பாஷையாயிற்று.

அவ்வளவு தூரம் போவானேன்? 1935-ல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முரசு' இன்றும் வெளிவருகிறது. அதில் தமிழ்நாட்டுச் செய்தியும் உண்டு. ஆயினும் சிங்கப்பூர்ச் செய்திதான் அதன் உயிர்.

"உங்களுக்குத்தான் ஹைதராபாத்திலிருந்து தெலுங்குத் தொலைக்காட்சி வருகிறதே!" என்று நேயர்கள் கேட்கலாம். வருகிறது, பாதி புரியவும் செய்கிறது. ஆனால் எங்கள் கண்மாய் நிறைந்ததா, எங்கள் உளுந்துக்கு என்ன விலை என்பது அதற்கு எப்படித் தெரியும்? பாஷை நம்முடையதாயிருந்தால் மட்டும் போதுமா? ஊரும் நம்முடையதாயிருக்க வேண்டாமா?

தமிழ்மீது எங்களுக்கு யாதொரு மனக்குறையும் இல்லை. அது எங்களை மடியில் ஏற்றுக்கொண்டது. தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்த இடைசெவல் கி. ராஜநாராயணன் தமிழுக்குக் கரிசல் வட்டார அகராதியே செய்து தந்தார். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக 1991-ல் சாகித்திய அகாடமி பரிசும் பெற்றார். தமிழுக்கு வந்த லாபம் பெரிது. நஷ்டம் எங்கள் வீட்டோடு போயிற்று: தெலுங்கில் நான் கேட்கும் கேள்விக்குப் பேத்தி தமிழில் பதில் சொல்கிறாள்.

அயல்நாட்டில் பிள்ளைகளைக் குடிவைத்திருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பேரக் குழந்தைகளுக்கு இங்கிருந்து கதைப் புத்தகங்கள் அனுப்புங்கள், நல்ல காரியம். கூடவே, அந்த ஊர் மழையையும் அந்த ஊர்த் தேர்தலையும் தமிழில் எழுதும் பத்திரிகை அங்கே உண்டா என்றும் விசாரியுங்கள். இல்லையென்றால், நாலு பக்கமானாலும் சரி, ஒன்றைத் தொடங்கச் சொல்லுங்கள்.