சண்டை முடிந்த பிறகு யார் பெருக்குவது?

நம் சினிமாக்களில் ஒரு மார்க்கெட் சண்டை வரும். நீங்களும் நூறு தடவை பார்த்திருப்பீர்கள். ஹீரோ ஒரு குத்து விடுவார். வில்லனின் ஆள் பறந்து போய்த் தக்காளிக் கூடை மேல் விழுவான். அடுத்த குத்தில் தள்ளுவண்டி கவிழும். மூன்றாவது குத்தில் பானைக் கடை காலி. கடைசியில் ஹீரோ காலரை உதறிவிட்டு நடந்து போவார். நாம் விசில் அடிப்போம்.

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. விசில் அடிக்கும்போதே மனசுக்குள் ஒரு பேரேடு திறந்துகொள்ளும். பானை எத்தனை? தக்காளி எத்தனை கிலோ? அந்தத் தள்ளுவண்டிக்காரர் சாயங்காலம் வட்டிக்காரனுக்கு என்ன பதில் சொல்வார்? அதெல்லாம் கிடக்கட்டும், அந்தத் தெருவை யார் பெருக்குவார்கள்?

இந்தக் கேள்வியோடு ஆரம்பிக்கிற ஒரு கதையைப் போன வாரம்தான் பார்த்தேன். ஜப்பான்காரர்கள் எடுத்த கார்ட்டூன். கார்ட்டூன் என்று சொன்னால் என் அக்கா மகனுக்குக் கோபம் வரும். 'அனிமே' என்று சொல்ல வேண்டுமாம். பையனுக்கு 29 வயது. எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கிறான். விடியற்காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓட்டம், கயிறு ஏறுதல். பகலில் பொது அறிவு. ராத்திரி சோறு தின்னும்போது மட்டும் அனிமே.

"மாமா, ஒரே ஒரு எபிசோடு பாருங்க. பிடிக்கலேன்னா ஒங்க பழைய பாட்டுக்கே போயிருங்க, நான் கேக்க மாட்டேன்" என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தான்.

பார்த்தேன். ஒன்று, ஆறாகிவிட்டது.

தொடரின் பெயர் 'கைஜு நம்பர் 8'. கைஜு என்றால் ஜப்பானிய மொழியில் விசித்திர மிருகம். நம் வழக்கில் ராட்சச விலங்கு. நவோயா மாட்சுமோட்டோ 2020 ஜூலையில் இதைப் படக்கதையாக வரைய ஆரம்பித்து 2025 ஜூலையில் முடித்தார். புரொடக்‌ஷன் ஐ.ஜி. நிறுவனம் அதைத் தொடராக எடுத்து, 2024 ஏப்ரலில் இருந்து ஜூன் வரை 12 எபிசோடுகள் ஒளிபரப்பானது. இரண்டாவது சீசன் 2025-ல் வந்தது. நான் பார்த்தது முதல் சீசனில் பாதி. ஆகவே இது முழு விமர்சனம் இல்லை. முதல் பந்தியில் உட்கார்ந்தவன், பாயசம் வருவதற்கு முன்பே சொல்கிற அபிப்பிராயம்.

ராட்சச மிருகம் ஜப்பானுக்குப் புதுசு கிடையாது. 1954 மார்ச் 1-ம் தேதி பிகினி தீவுப் பக்கம் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அந்தச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. அதே வருஷம் நவம்பரில் 'காட்ஜில்லா' முதல் படம் தியேட்டருக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து எத்தனையோ மிருகங்கள் கடலில் இருந்து எழுந்து வந்து டோக்கியோவை மிதித்திருக்கின்றன. கடைசியில் மிருகம் சாகும், படம் முடியும். அவ்வளவு பெரிய உடம்பை அப்புறம் என்ன செய்வார்கள் என்பதைப் பெரும்பாலான படங்கள் நினைத்தே பார்க்காது.

இந்தத் தொடர் அங்கேதான் தொடங்குகிறது. பாதுகாப்புப் படை வருகிறது. மினா அஷிரோ என்ற பெண் கேப்டன் ராட்சசனைச் சுட்டு வீழ்த்துகிறாள். ஜனங்கள் கைதட்டுகிறார்கள். படை கிளம்பிப் போகிறது. அதற்குப் பிறகு லாரியில் இன்னொரு கூட்டம் வந்து இறங்குகிறது. உடம்பு முழுக்க மூடிய உடுப்பு, தலையில் ஹெல்மெட், கையில் அறுக்கிற மெஷின். செத்த மிருகத்தைத் துண்டு போட்டு அள்ளுகிற கம்பெனித் தொழிலாளர்கள். அதில் ஒருவன்தான் நம் நாயகன், ஹிபினோ காஃப்கா. வயது 32.

அந்த வேலையிலும் மேல், கீழ் உண்டு. தோல், சதை எல்லாம் சுமாரான வேலை. குடலுக்குள் இறங்குவதுதான் இருப்பதிலேயே மோசம். நாற்றம் குடலைப் பிடுங்கும். காஃப்காவுக்கு அன்றைக்கு அதுதான் டூட்டி. சின்ன வயசில் அவனும் மினாவும் ஒரே ஊர்; மிருகங்களை ஒழிக்க ரெண்டு பேரும் சேர்ந்து படையில் சேருவோம் என்று சத்தியம் பண்ணிக்கொண்டவர்கள். அவள் தேர்வானாள். இவன் எழுதி எழுதித் தோற்றான். இப்போது அவள் சுட்டுத் தள்ளுவதை இவன் அள்ளுகிறான். டி.வி.யில் வருவது அவள் முகம்.

புதிதாக வேலைக்கு வந்த ரெனோ என்ற 18 வயசுப் பையன்தான் அவனிடம் விஷயத்தைச் சொல்கிறான். படையில் சேருவதற்கான வயது வரம்பைத் தளர்த்திவிட்டார்கள், இனி 33 வயது நிரம்பாதவர்கள் எல்லோரும் விண்ணப்பிக்கலாம்.

இந்த இடத்தில் அக்கா மகன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டான். அவன் இதை ஏற்கெனவே மூன்று தடவை பார்த்தவன்.

ஏன் என்று எனக்குப் புரிந்தது. 2021 செப்டம்பர் 13-ம் தேதி சட்டசபையில், தமிழக அரசு நேரடி நியமனங்களுக்கான வயது வரம்பை 30-ல் இருந்து 32 ஆக உயர்த்துவதாக அறிவித்தது. கொரோனாவால் தேர்வுகள் தள்ளிப்போனதற்கு ஈடாக இரண்டு வருஷம். அறிவித்த அமைச்சர் பழனிவேல் தியாகராஜன், அப்போது எங்கள் மதுரை மத்தியத் தொகுதி எம்.எல்.ஏ.வாக இருந்தவர். அன்றைக்கு இந்த ஊர் கோச்சிங் சென்டர்களில் எத்தனை பேர் விரல்விட்டுத் தங்கள் வயதைக் கூட்டிப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? வயது வரம்பு என்பது அரசுக்கு ஒரு எண். பரீட்சை எழுதுகிறவனுக்கு அது வாசலில் மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கும் ஷட்டர். ரெண்டடி தூக்கிவிட்டால் குனிந்தாவது உள்ளே போய்விடலாம்.

அனிமே என்றால் பதினாறு வயசுப் பிள்ளைகள் உலகத்தைக் காப்பாற்றுவதுதான் என்று நினைத்திருந்தேன். 32 வயசில் மூச்சிரைக்க ஓடி, உடல் தகுதித் தேர்வில் கடைசிப் பக்கம் வந்து சேருகிற நாயகனை நான் எதிர்பார்க்கவில்லை. போருக்கான கவச உடையைக் கொடுத்து யாருக்கு எத்தனை சதவீதம் சக்தி வருகிறது என்று அளக்கிறார்கள். பிள்ளைகளுக்கெல்லாம் நல்ல மார்க். இவனுக்குப் பூஜ்யம். துணை கேப்டன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். நாமும் சிரிக்கிறோம். ஆனால் லேசாக வலிக்கிறது.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன்.

முதல் எபிசோடு முடிகிற நேரத்தில் ஒரு குட்டி மிருகம் பறந்து வந்து காஃப்காவின் வாய்க்குள் நுழைந்துவிடுகிறது. அவனே ராட்சசனாக மாறிவிடுகிறான். ஒரே குத்தில் பெரிய மிருகங்களைச் சிதறடிக்கிற பலம். காஃப்கா என்று பெயர் வைத்ததும், அந்தப் பெயருள்ள எழுத்தாளர் 1915-ல் ஒரு மனிதனைப் பூச்சியாக மாற்றிக் கதை எழுதியதும் உங்களுக்கு ஞாபகம் வரலாம். அந்த மனிதன் பூச்சியாகி வீட்டாருக்கே பாரமானான். இவன் மிருகமாகிச் சூப்பர் ஹீரோ ஆகிறான்.

அது இருக்கட்டும். துப்புரவு செய்கிறவனுக்கு மரியாதை வர வேண்டுமென்றால், அவன் முதலில் துப்புரவை விட்டு வெளியே வர வேண்டும் என்று கதை சொல்வது போல எனக்குப் பட்டது. அவனோடு குடலை அள்ளிய மற்றவர்கள்? மறுநாளும் அள்ளிக்கொண்டுதான் இருப்பார்கள்.

இன்னொன்று. செத்த மிருகத்தைத் தொடுகிறவர்கள் யார் என்பதில் ஜப்பானுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும் தோல் பதனிடுவதும் அங்கே பரம்பரையாகச் சிலர் தலையில் கட்டப்பட்டு, அவர்கள் தீட்டானவர்கள் என்று ஒதுக்கப்பட்டார்கள். 1871-ல் அரசாணை போட்டு அந்த இழிபெயரை ஒழித்தார்கள். புராக்குமின் என்று இன்று சொல்லப்படும் அவர்களுடைய சந்ததி வாழும் ஊர்களின் பட்டியலை ரகசியமாக அச்சிட்டுக் கம்பெனிகளுக்கு விற்றார்கள் என்பது 1975-ல் அம்பலமானது. சட்டம் போய் நூறு வருஷத்துக்குப் பிறகும், வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஊர் பார்த்து ஒதுக்குவதற்காக! நான் பார்த்த ஆறு எபிசோடுகளில் இதைப் பற்றி மூச்சு இல்லை. காஃப்காவின் கம்பெனியில் எல்லோரும் சம்பளத்துக்கு வந்தவர்கள்தான். மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில், செத்த மாட்டைத் தூக்க யாருக்கு ஆள் அனுப்புவார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் இந்த மௌனம் எனக்குக் கேட்டது.

எங்கள் ஊருக்கு ராட்சசன் வருவதில்லை. அழகர் வருகிறார். சித்திரா பௌர்ணமியன்று வைகையில் இறங்குகிறார். லட்சக்கணக்கில் ஜனம். தண்ணீர் பீய்ச்சுவார்கள், நீர்மோர், பானகம், புளியோதரை, எல்லாம் தெருவுக்குத் தெரு தர்மம். அழகர் கிளம்பிப் போன பிறகு ஆழ்வார்புரம் பக்கம் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பாக்குமட்டைத் தட்டு, தண்ணீர் பாக்கெட், ஜோடி பிரிந்த செருப்பு, எல்லாம் மிதிபட்ட சோற்றோடு கலந்து கிடக்கும். அந்தச் செருப்புகளை மட்டும் குவித்தால் ஒரு கடை வைக்கலாம்.

எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டியோடு வருகிற அக்காவிடம் இந்த வருஷம் அழகரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"சாமிய எங்க சார் பாக்குறது? சாமி அங்கிட்டுப் போனாத்தேன எங்களுக்கு டூட்டியே!" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னார். கையில் உறை இல்லை. கேட்டால், கொடுத்தது கிழிந்துவிட்டதாம்.

100 வார்டு உள்ள ஊர் இது. நூறிலும் காலையில் நாம் கோலம் போடும் வாசல் வரைக்கும் யாரோ பெருக்கியிருக்கிறார்கள். அள்ளியது அவனியாபுரம் தாண்டி வெள்ளைக்கல் கிடங்குக்குப் போகிறது. துப்புரவுத் தொழிலாளி என்ற பெயரை மாற்றித் தூய்மைப் பணியாளர் என்று ஆக்கியிருக்கிறோம். நல்ல பெயர்தான். உறைதான் கிழிந்திருக்கிறது.

தொடரில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த காட்சியும் உண்டு, சொல்லாவிட்டால் பாவம். காஃப்கா படையில் எப்படியோ ஒட்டிக்கொண்டு முதல் சண்டைக்குப் போகிறான். கவசத்தில் பலம் இல்லை. மற்றவர்கள் சுட்டுக்கொண்டே முன்னேறுகிறார்கள். இவன் கத்தியை எடுத்து, செத்துக் கிடக்கும் ஒரு மிருகத்தை அறுத்துப் பார்க்கிறான். உள்ளே உயிர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறான். இனப்பெருக்க உறுப்பு இருப்பதையும் பார்த்துவிடுகிறான். கொன்றால் மட்டும் போதாது, அதையும் அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் செத்த உடம்பில் இருந்தே புதுசு கிளம்பும் என்று தகவல் கொடுக்கிறான். சுடத் தெரிந்த யாருக்கும் தெரியாதது, வருஷக்கணக்கில் குடல் அள்ளியவனுக்குத் தெரிந்திருக்கிறது. முக்கியமான விஷயம், படை அவன் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கிறது.

நாம் கேட்கிறோமா?

2022 ஏப்ரலில் மதுரை பழங்காநத்தம் பக்கம் நேரு நகரில், கழிவுநீர்க் கிணற்றில் மோட்டார் வேலைக்குப் போன மூன்று பேர் விஷவாயு தாக்கிச் செத்தார்கள். மலக்குழிக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் இருக்கிறது. இப்படிச் செத்தவர்கள் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2014-ல் உத்தரவிட்டது. 2023-ல் அதை முப்பது லட்சமாக்கியது. 2017-ல் திவ்யபாரதி 'கக்கூஸ்' என்ற ஆவணப்படத்தில் இந்தத் தொழிலாளர்களையே பேச வைத்தார். சட்டம், தீர்ப்பு, படம், மூன்றும் ஆயிற்று. கணக்குப் படித்தவனாகச் சொல்கிறேன், நஷ்ட ஈட்டுத் தொகை ஏறுவது வரவு இல்லை. சாவு நிற்கவில்லை என்பதற்கான பற்றுச் சீட்டு.

அந்த அக்காவிடம் இன்னொன்றும் கேட்டேன். மழை வந்தால் நம் ஏரியாவில் எந்தச் சாக்கடை அடைக்கும்? யோசிக்கவே இல்லை. வரிசையாக மூன்று இடம் சொன்னார். எதில் பிளாஸ்டிக், எதில் கட்டட மண், எந்த மூடியைத் திறந்தால் கண் எரியும் என்பது வரைக்கும் சொன்னார். "இதெல்லாம் ஆபீசுல சொன்னீங்களா?" என்றேன். "யாரு சார் கேட்டா?" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

'கைஜு நம்பர் 8' பார்க்கிறவர்கள் குடல் காட்சி வரும்போது முகம் சுளித்து ஓட்டிவிடாதீர்கள். குத்து, வெடி எல்லாம் மற்ற தொடர்களிலும் கிடைக்கும். அந்தப் பத்து நிமிஷம் கிடைக்காது. நான் மீதி ஆறையும் பார்க்கப் போகிறேன். காஃப்காவின் பழைய கம்பெனி ஆட்களைக் கதை திரும்ப எட்டிப் பார்க்கிறதா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அக்கா மகனுக்குத் தெரியும். கேட்டால், "பாத்துத் தெரிஞ்சுக்கங்க மாமா" என்கிறான். நாளைக்குக் காலையில் அவனுக்கு 1,500 மீட்டர் ஓட்டம் இருக்கிறதாம், சீக்கிரம் படுத்துவிட்டான்.